பேனாக்கத்தியின் வயதை முத்திரை சொல்லுமா?

வாசகர் கேள்வி பதில்

பழைய பேனாக்கத்திகள் பற்றி வந்த கடிதங்களில், தயாரித்த ஆண்டைக் கண்டுபிடிப்பது குறித்தவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். பதில்களில் அடிக்கடி வரப்போகும் ஒரு சொல்லை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அலகு கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் கூர் தீட்டாத தட்டையான சிறு பகுதி ஒன்று இருக்கும். கத்தி சேர்ப்பவர்கள் அதை டாங் என்பார்கள். முத்திரை பெரும்பாலும் அங்கேதான் குத்தப்பட்டிருக்கும். பல அலகு உள்ள கத்தி என்றால் பெரிய அலகின் டாங்கில் தொடங்கி, அதன் மறுபக்கம், பிறகு மற்ற அலகுகள் என்று பாருங்கள்.

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு மடக்குக் கத்தி கிடைத்தது. எழுத்தெல்லாம் துருவில் மூடிக் கிடக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா? (கும்பகோணம் வாசகி)

பதில்: வேண்டாம். புளியும் எலுமிச்சையும் பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. எஃகில் அந்தப் புளிப்பு துருவோடு நிற்காது, எஃகையும் அரிக்கும். முத்திரையின் பள்ளம் மிக மெல்லியது. அதன் விளிம்பு மழுங்கிவிட்டால் எழுத்து போனது போனதுதான். உப்புத்தாள், சாணைக்கல், கம்பிப் பிரஷ் எதையும் டாங்கின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு டாங்கில் விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் மூங்கில் பல்குத்தியின் முனையால் எழுத்தின் பள்ளத்தை மட்டும் மெதுவாகக் கிளறி, பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். மூன்று நான்கு நாள் இப்படிச் செய்தால் செந்துரு கழன்றுவிடும். அடியில் கருமை நிற்கும். அது இருக்கட்டும். கார்பன் எஃகில் காலப்போக்கில் படிந்த அந்தக் கருமையைத்தான் சேகரிப்பாளர்கள் விரும்புவார்கள். பளபளவென்று தேய்த்த கத்தியைக் கண்டால் முகம் சுளிப்பார்கள்.

இனி படிக்க வேண்டும். எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை விரலால் டாங்கின் மேல் அழுத்தித் தேயுங்கள். மேலோட்டமாக ஒருமுறை துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும், எழுத்து துலங்கும். செல்போன் விளக்கை நேர் மேலே பிடிக்காமல், கத்தியின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். நகைக்கடையில் பயன்படுத்தும் 10 மடங்கு லூப் (பூதக்கண்ணாடி) இருந்தால் இன்னும் நல்லது. திருநீறும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அதைத் துடைக்காமல் விட்டால் ஈரம் இழுத்து மறுபடி துரு பிடிக்கும். எதைப் போட்டாலும் கடைசியில் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள்.

அலகு திறக்க மறுத்தால், நகத்தை மாட்டித் திறக்க அலகில் வெட்டியிருக்கும் நகப்பள்ளத்தில் இடுக்கி போட்டு இழுக்க வேண்டாம், அலகின் விளிம்பு உடையும். அச்சாணியில் எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுங்கள்.

கேள்வி: என் கத்தியில் ஒரு கிரீடம், அதன் இருபுறமும் வி, ஆர் எழுத்துகள். கீழே ஜோசப் ராட்ஜர்ஸ், ஷெஃபீல்டு என்று இருக்கிறது. பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும். 'இங்கிலாந்து' என்ற சொல் இல்லை, அதனால் 1891-க்கு முந்தையது என்று விற்றவர் சொல்கிறார். நம்பலாமா? (மதுரை வாசகர்)

பதில்: விற்றவர் பாதி விதியை மட்டும் தெரிந்துவைத்திருக்கிறார். 1890-இல் அமெரிக்காவில் மெக்கின்லி சுங்கச் சட்டம் வந்தது. வெளிநாட்டுச் சரக்கில் அது தயாரான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற விதி 1891-இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே கத்தியில் 'இங்கிலாந்து' அல்லது 'ஜெர்மனி' என்று இருந்தால், அது ஏறக்குறைய 1891-க்குப் பிந்தையது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதைத் திருப்பிப் போட முடியாது. அது அமெரிக்கா வாங்கும் சரக்குக்கான விதி. மதுரையில் கிடைத்த கத்தி அமெரிக்கா போகவே இல்லையென்றால், நாட்டின் பெயர் இல்லாதது எதையும் நிரூபிக்காது.

நட்சத்திரமும் மால்டா சிலுவையும் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் அடையாளம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரக் கத்தித் தொழிலை 1624 முதல் கட்டுப்படுத்திவந்த கட்லர்ஸ் கம்பெனி 1764-இல் அதை வழங்கியது. ஏல அறிவிப்புகளில் '1764 கத்தி' என்று சிலர் போடுவதற்கு இதுதான் காரணம். 1764 அடையாளத்தின் வயது, கத்தியின் வயதல்ல. இன்னொரு ஷெஃபீல்டு நிறுவனமான வோஸ்டன்ஹோமின் கத்திகளில் இருக்கும் ஐ எக்ஸ் எல் என்ற 1787-ஆம் ஆண்டு அடையாளத்துக்கும், இரட்டையர் உருவம் போட்ட ஜெர்மன் நிறுவனமான ஹெங்கல்ஸின் 1731-க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

உங்களுக்கு உதவக்கூடியது கிரீடத்தின் பக்கத்திலுள்ள எழுத்து. 'வி ஆர்' விக்டோரியா மகாராணி, 1837 முதல் 1901 வரை. 'டபிள்யூ ஆர்' நான்காம் வில்லியம், 1830 முதல் 1837. 'இ ஆர்' ஏழாம் எட்வர்டு, 1901 முதல் 1910. வம்பு பண்ணுவது 'ஜி ஆர்'. ராட்ஜர்ஸ் 1822-இல் அரச நியமனம் பெற்றபோது நான்காம் ஜார்ஜ் அரியணையில் இருந்தார். பிறகு 1910 முதல் 1936 வரை ஐந்தாம் ஜார்ஜ், 1936 முதல் 1952 வரை ஆறாம் ஜார்ஜ். எழுத்து ஒன்றே, நடுவில் 80 ஆண்டு இடைவெளி. 'ஜி ஆர்' கத்தியில் 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல்லும் இருந்தால் குழப்பமே இல்லை. ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியது 1913-இல். 1820-களின் கத்தியில் அந்தச் சொல் இருக்க வழியில்லை.

உங்கள் கத்தி 1837-க்கு முந்தையது அல்ல என்பது மட்டும் உறுதி. மேல் எல்லை 1901 என்று ஆணையடித்துச் சொல்லமாட்டோம். அரசர் மாறிய அன்றே பட்டறையில் கிடந்த அலகுகளை யாரும் குப்பையில் போடுவதில்லை. கிரீடமானாலும் நாட்டின் பெயரானாலும் கீழ் எல்லையைத்தான் கறாராகக் காட்டும். மேல் எல்லைக்குக் கைப்பிடி, அதன் உள்பக்கம் அலகை ஒட்டி நிற்கும் உட்தகடு, எஃகு மூன்றையும் பார்க்க வேண்டும்.

எஃகைப் பார்க்கக் காந்தம் எடுக்காதீர்கள். கத்திக்குப் பயன்படும் ஸ்டெயின்லெஸ் எஃகையும் காந்தம் இழுக்கும். கருமை படிந்திருக்கிறதா, புள்ளி புள்ளியாகத் துரு தின்றிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதே போதும்.

கேள்வி: 'சோலிங்கன் ஜெர்மனி' என்று மட்டும் உள்ளது. எந்தக் காலம்? (திருச்சி வாசகர்)

பதில்: சோலிங்கன் ஜெர்மனியின் கத்தித் தொழில் நகரம். 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்திருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடையில் என்று சொல்லியிருப்போம். வெறும் 'ஜெர்மனி' என்றால் அதற்கு முன்பும் இருக்கலாம், பின்பும் இருக்கலாம். பிரிவினைக் காலத்திலேயே 'மேற்கு' என்ற சொல்லைப் போடாமல் விட்டவர்களும் உண்டு. 'ரோஸ்ட்ஃப்ரை' என்றால் ஜெர்மன் மொழியில் துருப்பிடிக்காதது. அது இருந்தால் முதல் உலகப் போருக்கு முன்னால் போக வேண்டாம். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று ஆங்கிலத்தில் பொறித்த கத்தி உங்கள் கையில் கிடைத்தால் கொடுத்துவைத்தவர், போர் முடிந்த 1945-க்கும் 1952-க்கும் இடையில் என்று சட்டென்று சொல்லிவிடலாம்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கேஸ் கத்தி. கேஸ் எக்ஸ் எக்ஸ், யு.எஸ்.ஏ., கூடவே 8 புள்ளிகள். டாங்கின் பின்பக்கம் 6318 என்ற எண். இதை எப்படிப் படிப்பது? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: ஆண்டைக் கணக்குப் போட்டே சொல்லக்கூடிய கத்தி உங்களுக்கு வாய்த்திருக்கிறது. பென்சில்வேனியா மாநிலம் பிராட்ஃபோர்டில் உள்ள கேஸ் நிறுவனம் 1970-இல் முத்திரையோடு 10 புள்ளிகள் குத்தியது. ஆண்டுக்கு ஒரு புள்ளியாக எடுத்துக்கொண்டே வந்தது. 1971-இல் 9, 1972-இல் 8, கடைசியில் 1979-இல் 1. ஆகவே 1980-லிருந்து புள்ளிகளின் எண்ணிக்கையைக் கழித்தால் ஆண்டு கிடைக்கும். உங்களுக்கு 1972.

அவசரப்படாதீர்கள். 1980-இல் மறுபடி 10 புள்ளியில் தொடங்கி இதே விளையாட்டை இன்னொரு பத்தாண்டு ஆடினார்கள். அந்த வரிசையில் 8 புள்ளி என்றால் 1982. இரண்டையும் பிரித்துக் காட்டுவது 'கேஸ்' என்ற சொல்லில் உள்ள எஸ் எழுத்து. 1980-களின் எஸ் மெலிந்து, வளைவில்லாமல், மின்னல் கோடு மாதிரி ஒடிந்திருக்கும். அதற்கு மின்னல் எஸ் என்றே பெயர். 1970-களின் எஸ் சாதாரணமாக வளைந்திருக்கும். 1990-இல் ஆண்டையே நான்கு இலக்கத்தில் குத்தினார்கள். அதற்குப் பிறகும் புள்ளிகள் வேறு எழுத்து வடிவங்களோடு திரும்பிவந்தன. எழுத்தைப் பார்க்காமல் புள்ளியை மட்டும் எண்ணுகிறவர் பத்து இருபது ஆண்டு தவறுவார்.

எண்ணுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. வரிசையின் ஓரப் புள்ளி தேய்ந்து மறைந்துபோவது சகஜம். புள்ளிகளின் இடைவெளி சீரானது. வரிசை ஒரு பக்கம் மட்டும் குட்டையாக முடிந்தால் அங்கே ஒன்று அழிந்திருக்கலாம். பவுடர் வித்தையை இங்கே செய்து பாருங்கள்.

புள்ளியே இல்லாத கேஸ் கத்திக்கும் வழி இருக்கிறது. 'யு.எஸ்.ஏ.' இருந்து புள்ளி இல்லையென்றால் 1965 முதல் 1969. 'கேஸ் எக்ஸ் எக்ஸ்' மட்டும் என்றால் ஏறத்தாழ 1940 முதல் 1964. 'டெஸ்டட் எக்ஸ் எக்ஸ்' என்று இருந்தால் அதற்கும் முந்தைய இருபதாண்டு, 1920 முதல் 1940 வரை.

6318-இல் முதல் இலக்கம் கைப்பிடி, இரண்டாவது அலகுகளின் எண்ணிக்கை, மீதி வடிவத்தின் எண். 6 என்றால் எலும்பு, 3 அலகு, 18-ஆம் வடிவம். முதல் இலக்கம் 5 என்றால் கலைமான் கொம்பு, 3 என்றால் மஞ்சள் பிளாஸ்டிக் வகை, 8 என்றால் முத்துச் சிப்பி. 6254 என்பது 2 அலகுள்ள, வேட்டைக்காரர்கள் விரும்பும் டிராப்பர் என்ற வகை. உங்கள் கத்தியில் 2 அலகுதான் இருக்கிறது, எண் 6318 என்கிறதென்றால் ஒன்று உடைந்து போயிருக்கிறது அல்லது வேறு கத்தியின் அலகு இதில் ஏறியிருக்கிறது.

6-ஐ முழுசாக நம்பவும் வேண்டாம். எலும்பு போல வார்த்த டெல்ரின் பிளாஸ்டிக்குக்கும் கேஸ் 6-ஐயே போட்டது. லூப்பில் பாருங்கள். எலும்பில் பழுப்பு நிறத்தில் நுண்ணிய துளைகள் தெரியும். செதுக்கிய குழிகள் ஒரு பக்கத்தைப்போல் மறுபக்கம் இராது. டெல்ரினில் துளையே இருக்காது, குழிகள் அச்சில் வார்த்ததுபோல் ஒரே வழவழப்பு.

கேள்வி: தோட்டா வடிவத் தகடு பதித்த ரெமிங்டன் கத்தி 1920-களைச் சேர்ந்தது என்று விலை சொல்கிறார்கள். ஷ்ரேட் கத்தியும் ஒன்று இருக்கிறது. (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: ரெமிங்டன் பேனாக்கத்தி செய்தது 1920 முதல் 1940 வரை. அந்தத் தோட்டா வகையின் புகழ்பெற்ற ஆர் 1123 மாதிரியை 1982-இல் மறுபடியும் வெளியிட்டார்கள். பிறகு ஆண்டுதோறும் ஒரு தோட்டாக் கத்தி வந்தது. விற்பவர் பொய் சொல்லாமலே தவறு செய்யக்கூடிய இடம் இது. டாங்கில் பழைய பாணி வட்ட முத்திரையே இருக்கும். நூறு ஆண்டு பழையது என்று சொல்லப்படும் கார்பன் எஃகில் சுருக்கம்போல ஒரு கீறல்கூட இல்லை, உட்தகடு பளிச்சென்று மஞ்சளாக இருக்கிறது என்றால் 1982-க்குப் பிந்தைய விலையைக் கேளுங்கள்.

ஷ்ரேட் எளிது. 'ஷ்ரேட் கட் கோ' என்றால் 1904 முதல் 1946. 'ஷ்ரேட் வால்டன்' என்றால் 1946 முதல் 1973. வெறும் 'ஷ்ரேட்', கூடவே யு.எஸ்.ஏ. என்றால் 1973-க்குப் பின். 2004-இல் நியூயார்க் மாநில ஆலை மூடப்பட்டது; அதன்பின் அந்தப் பெயரில் வந்தவை சீனத் தயாரிப்பு.

கேள்வி: பூட்டு வளையம் இல்லாத ஒப்பினெல், அதனால் 1955-க்கு முந்தையது. சரிதானே? (புதுச்சேரி வாசகர்)

பதில்: அலகில் எந்த எண் இருக்கிறது? பிரான்சின் சவோய் பகுதிக் கத்தியான ஒப்பினெல்லில் சுழலும் வளையம் 1955-இல் வந்தது உண்மை. ஆனால் 2 முதல் 5 வரையுள்ள சிறிய அளவுகளுக்கு இன்றும் வளையம் கிடையாது. 6-ஆம் எண்ணும் அதற்கு மேலும் இருந்து, வளையம் பொருத்திக் கழற்றிய தடம் இல்லாமல் இருந்தால்தான் உங்கள் வாதம் நிற்கும். 2000-க்குப் பிந்தைய வளையம் கத்தியை மூடிய நிலையிலும் பூட்டும், பழையது திறந்த நிலையில் மட்டும். முடி சூடிய கை முத்திரை 1909-லிருந்து வருகிறது. அதைவைத்து ஆண்டைப் பிரிக்க முடியாது.

சுவிஸ் கத்தி பற்றிக் கேட்டவர்களுக்கும் இங்கேயே: 'விக்டோரியா' என்ற முத்திரை 1909-க்குப் பிந்தையது. துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இநாக்ஸ்' சேர்ந்து 'விக்டோரிநாக்ஸ்' ஆனது 1921-இல். வெள்ளி நிற அலுமினியப் பிடியுள்ள 1961 மாதிரிப் படைவீரர் கத்தியில் டாங்கிலேயே ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். 78 என்றால் 1978.

கேள்வி: சிப்பிப் பிடி போட்ட சின்ன வெள்ளிக் கத்தி. அலகில் சிங்கம், கிரீடம், ஒரு பெண் தலை, ஓர் எழுத்து. கிரீடம் இருப்பதால் அரச குடும்பத்துக்குச் செய்ததா? (யாழ்ப்பாணம் வாசகி)

பதில்: இல்லை. ஆனால் மேலே சொன்ன பெரும்பாலான கத்திகளைவிட உங்களுடையதற்குத் துல்லியமாக ஆண்டு சொல்ல முடியும். இது பழம் நறுக்கும் மடக்குக் கத்தி. பழத்தின் புளிப்பு கார்பன் எஃகைக் கறுப்பாக்கிவிடும், பழமும் ருசி கெடும். அதனால் வெள்ளி அலகு போட்டார்கள். வெள்ளி என்பதால் கத்திக்காரரின் முத்திரையோடு, அரசின் தரச் சோதனை முத்திரையும் சேர்ந்தது.

நடக்கும் சிங்கம் ஸ்டெர்லிங் வெள்ளி என்பதற்கு, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு. கிரீடம் 1773-இல் தொடங்கிய ஷெஃபீல்டு சோதனைச் சாலையின் சின்னம். 1974 வரை இருந்தது. கிரீடத்துக்குப் பதில் நங்கூரம் என்றால் பர்மிங்காம். தலை உருவம் வரி கட்டியதற்கு அடையாளம். 1784-இல் தொடங்கி 1890-இல் நின்றது. பெண் தலை விக்டோரியா. ஆகவே எழுத்தைப் படிக்கும் முன்பே 1837-க்கும் 1890-க்கும் இடையில் வந்துவிட்டோம்.

எழுத்துதான் ஆண்டு. ஷெஃபீல்டில் 1824, 1844, 1868, 1893 ஆகிய ஆண்டுகளில் 'ஏ'-யிலிருந்து புது வரிசை தொடங்கியது. ஒவ்வொரு வரிசைக்கும் எழுத்தின் பாணியும் அதைச் சுற்றிய கேடயத்தின் வடிவமும் மாறும். எழுத்து ஆண்டின் நடுவில் மாறியதால், ஒரே எழுத்து இரண்டு ஆண்டுகளின் பாதிகளைச் சேர்த்துக் குறிக்கும். எழுத்தையும் கேடயத்தையும் பெரிதாகப் படம் எடுத்து ஷெஃபீல்டு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பர்மிங்காம் அட்டவணையைப் பார்த்தால் ஆண்டு தப்பிவிடும். நான்கு தனிக் கட்டங்களில் இ, பி, என், எஸ் என்று இருந்தால் மட்டும் ஏமாற வேண்டாம், அது வெள்ளி முலாம்.

கேள்வி: அம்புக்குறியும் 1943 என்ற எண்ணும் உள்ள தடித்த மடக்குக் கத்தி? (குன்னூர் வாசகர்)

பதில்: பிரிட்டிஷ் ராணுவத்தினுடையது. மூன்று கோட்டு அம்பு அரசுச் சொத்து என்பதற்கு. எண் தயாரித்த ஆண்டேதான். ஆங்கில சி எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. கயிற்று முடிச்சைப் பிரிக்கும் தடித்த ஊசி பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். தகரம் திறக்கும் கருவியும் முழுசாக இருந்தால் நல்ல துண்டு.

கேள்வி: முத்திரையையே போலியாகக் குத்துவார்களா? எப்படிக் கண்டுபிடிப்பது? (சென்னை வாசகர்)

பதில்: குத்துவார்கள். மலிவான கத்தியின் டாங்கை அரைத்துப் பழைய பெயரை அழித்துவிட்டு, விலை போகும் பெயரைக் குத்துவது பழைய தந்திரம். அரைத்த இடம் காட்டிக்கொடுக்கும். அலகைப் பாதி திறந்து அதன் முதுகை மேலிருந்து பாருங்கள். டாங் இருபுறமும் உட்தகட்டை ஒட்டி நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தாள் நுழையும் இடைவெளி இருந்தால் அந்தப் பக்கம் அரைத்திருக்கிறார்கள். அலகை ஆட்டிப் பாருங்கள், அந்தப் பக்கமாகச் சாயும்.

அடுத்தது தேய்மானம். சாணை பிடித்துப் பிடித்து அலகு பாதியாகிவிட்டது, ஆனால் முத்திரை நேற்றுக் குத்தியதுபோல் கூர்மையாக இருக்கிறது. இரண்டும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையாக இருக்க முடியாது. எழுத்தின் பள்ளத்துக்குள் கருமை இருக்கிறதா என்று லூப்பில் பாருங்கள். சுற்றிலும் கறுத்து, பள்ளம் மட்டும் வெளுத்திருந்தால் கத்தியை வைத்துவிட்டு வந்துவிடலாம். குத்தியபோது எஃகு ஒதுங்கி விளிம்பில் மேடு தட்டியிருப்பதும் கெட்ட அறிகுறி. ஆலையில் முத்திரை குத்திய பிறகுதான் எஃகைக் கெட்டியாக்கி மெருகு போடுவார்கள், மேடு மெருகில் போய்விடும். கெட்டியான எஃகில் புதிதாக ஆழமாகக் குத்த முடியாது. அதனால் போலி எழுத்து ஆழம் குறைந்து, சில இடங்களில் விட்டு விட்டு இருக்கும்.

அலகையே மாற்றுவதும் நடக்கிறது. அச்சாணியின் தலை, பிடியின் முனையில் உள்ள உலோகக் காப்பான போல்ஸ்டரோடு மெருகில் ஒன்றி, கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். வட்டமாகக் கோடு தெரிந்தாலோ சுற்றிலும் சுத்தியல் தடம் இருந்தாலோ யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

கேள்வி: ஆமை ஓடு மாதிரிப் பளபளக்கும் பிடி. பெட்டியில் அதன் பக்கத்தில் இருந்த கத்திகள் மட்டும் துருப்பிடிக்கின்றன. ஏன்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: அது பெரும்பாலும் செல்லுலாய்ட். நைட்ரோ செல்லுலோஸும் கற்பூரமும் சேர்த்துச் செய்தது. வயதானால் சிதைந்து அமில ஆவியைக் கக்கும்; அது பக்கத்திலுள்ள எஃகையெல்லாம் தின்னும். பிடிக்கு நேர் எதிரே உள்ள அலகில் மட்டும் துரு, பித்தளையில் பச்சைக் களிம்பு, திறந்தவுடன் நெடி: மூன்றும் இருந்தால் இன்றே அதைத் தனியாகப் பிரித்துக் காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டால் சிதைவு வேகமாகும். தோல் உறையும் வேண்டாம், ஈரத்தையும் தோல் பதனிட்ட அமிலத்தையும் பிடித்துவைக்கும்.

சூடான ஊசியால் குத்திப் பார்த்தால் எலும்பா பிளாஸ்டிக்கா என்று தெரியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். செல்லுலாய்ட் குப்பென்று தீப்பிடிக்கும். தந்தமா என்ற சந்தேகத்துக்கும் ஊசி தேவையில்லை. பிடியின் முனையில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் யானைத் தந்தம். இணைகோடுகளாக ஒரே சீராக ஓடினால் தந்தம்போல் செய்த செல்லுலாய்ட். தந்தம் என்று தெரிந்தால், எவ்வளவு பழையதானாலும் இந்தியாவில் அதை வாங்கவோ விற்கவோ வனவிலங்குச் சட்டம் இடம் தராது.

கேள்வி: விற்பதற்கு முன் சாணை பிடித்துக் கொடுக்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: வேண்டாம். எண்ணெய் தடவி அப்படியே கொடுங்கள்.